"ம்", "சரி", "ஒண்ணுமில்ல": மூன்று சொல்லில் பேசும் பிளஸ் டூ மகன்

செல்வி_திண்டுக்கல் | பிப்ரவரி 3, இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

மகன் பிளஸ் டூ, பயாலஜி குரூப். மகள் எட்டாவது. நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். அவர்கள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை பஸ் ஏறிவிடுவார்.

அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 24. பேப்பரை என்னிடம் காட்டவில்லை. பையைத் துவைக்க எடுத்தபோது நானாகத்தான் பார்த்தேன். பார்த்த அன்றே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. காணும் பொங்கலுக்கு நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் மகன் வாங்கிய மார்க்கைப் பற்றிப் பேச்சு வந்தது. என் வாயிலிருந்து வந்துவிட்டது: "அதுக்கெல்லாம் குடுத்து வச்சிருக்கணும் அண்ணி. எனக்கு வாய்ச்சது பேப்பரை ஒளிச்சு வைக்கிற பிள்ளை."

பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூடக் கேட்டது.

அன்றிலிருந்து இன்று வரை என்னிடம் மூன்று சொல்தான் பேசுகிறான். "ம்." "சரி." "ஒண்ணுமில்ல." சாப்பிடுகிறான், பள்ளிக்கூடம் போகிறான், படிக்கவும் செய்கிறான். சத்தம் போட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. நேற்று தங்கையோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் "பரீட்சை முடியட்டும், தானா சரியாயிடும்" என்கிறார். அடுத்த வாரம் பிராக்டிகல், மார்ச்சில் பொதுத்தேர்வு. அதுவரை இப்படியே இருக்க என்னால் முடியாது. இவனைப் பேச வைப்பது எப்படி?


கோவை சுந்தர் | பிப்ரவரி 4, காலை 6.15

செல்வி அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். இதே பள்ளத்தில் போன வருஷம் நானும் விழுந்து எழுந்தவன், அதனால் எழுதுகிறேன்.

என் மகள் அப்போது பத்தாவது. என்னோடு பேசவே மாட்டாள். நான் எவ்வளவு பேசுகிறேன், இவள் ஏன் வாயைத் திறப்பதில்லை என்று மனைவியிடம் புலம்புவேன். ஒருநாள் அவர் சொன்னார், "நீங்க அவகிட்ட என்ன பேசுறீங்கன்னு ஒரு நாள் எழுதி வையுங்க." கோபம் வந்தது. ஆனாலும் ஒரு மாலை முழுக்க, பட்டறைக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை அவளிடம் 19 வாக்கியம் பேசியிருக்கிறேன். வந்துட்டியா, சாப்டியா, டெஸ்ட் என்னாச்சு, எத்தனை மார்க்கு, யார் ஃபர்ஸ்ட்டு, போனை வை, லைட்டை அணை. ஒன்றுவிடாமல் எல்லாம் கேள்வி அல்லது கட்டளை. அந்த 19-இல் என்னைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை. பட்டறையில் அன்று லேத் மெஷின் பெல்ட் அறுந்து பாதி நாள் வேலை நின்றிருந்தது. அதை நான் டீக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், பெற்ற மகளிடம் சொல்லவில்லை.

எனக்கு அதுவரை புரியாத விஷயம் இது. நாம் கேட்பதை அக்கறை என்று நினைக்கிறோம். கேட்கப்படுகிறவருக்கு அது விசாரணை. டிக்கெட் பரிசோதகரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

அடுத்த நாள் கேள்வியை விட்டுவிட்டு பெல்ட் கதையைச் சொன்னேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, "அந்தப் பெல்ட்டு மாத்திட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இன்னொன்று. எதிரெதிரே உட்கார வைத்து "உன்கிட்ட கொஞ்சம் பேசணும்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வாக்கியம் காதில் விழுந்ததுமே பிள்ளைக்கு வயிறு கலங்கும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும், வெங்காயம் உரிக்கும்போதும்தான் என் மகள் பேசியிருக்கிறாள். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்றால் பேச்சு எளிதாக வருகிறது. உங்கள் வீட்டில் தையல் மெஷின் இருக்கிறதே, அதைவிட நல்ல இடம் வேறு எது?


கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 4, மதியம் 1.30

அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 வருஷம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். சுந்தர் தம்பி சொன்னதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்க முடியவில்லை.

கேள்வியே கேட்காமல் பிள்ளை வளர்க்க முடியாது. பேப்பரை ஒளித்துவைத்தது தப்பு. அதை யாராவது தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். இப்போதெல்லாம் பிள்ளை முகம் வாடிவிடுமோ என்று பயந்து, சொல்ல வேண்டியதைக்கூடப் பெற்றோர் விழுங்குகிறார்கள். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்றார்கள்தான். ஆனால் தோழன் ஆனபிறகும் அப்பா அம்மா அப்பா அம்மாதானே? மார்ச்சில் பரீட்சையை வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் இயற்பியல் யார் படிப்பது?

இதைச் சொல்லிவிட்டு நான் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட வருகிற பெற்றோரில் சிலர், என் மேசை முன்னாலேயே பிள்ளையைத் திட்டுவார்கள். "சார், நல்லா அடிங்க, கண்ணை மட்டும் விட்டுடுங்க" என்பார்கள். அடித்து வளர்க்காத பிள்ளையும் முறுக்கி வளர்க்காத மீசையும் உருப்படாது என்ற பழமொழியில் ஊறிய தலைமுறை. நானும் அதில் ஒருவன்தான். 2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்து, உடலைத் துன்புறுத்துவதோடு மனத்தைத் துன்புறுத்துவதும் கூடாது என்று எழுதிவைத்தபோது, அந்த இரண்டாவது பாதி எனக்குப் புரியவில்லை. பேச்சு எப்படித் துன்புறுத்தல் ஆகும் என்று ஆசிரியர் அறையில் வாதாடியிருக்கிறேன்.

மேசை முன்னால் திட்டு வாங்கிய பையன்களைப் பிறகு வகுப்பில் கவனித்ததில் தெரிந்துகொண்டேன். தனியாகக் கூப்பிட்டுக் கண்டித்த பையன் இரண்டு நாளில் சகஜமாகிவிடுவான். நாலு பேர் முன்னால் அவமானப்பட்ட பையன் அந்த வருஷம் முழுக்கச் சந்தேகம் கேட்கக் கை தூக்க மாட்டான்.

ஆகவே செல்வி, கண்டித்தது தப்பில்லை. இலை முன்னால் கண்டித்ததுதான் தப்பு.


இரவுப்பறவை17 | பிப்ரவரி 4, இரவு 11.40

நானும் பிளஸ் டூதான். அம்மாவின் போனில் இருந்து எழுதுகிறேன், அவர்களுக்குத் தெரியும். செல்வி அத்தை, உங்கள் மகன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரியாது. என் விஷயத்தில் என்ன என்று சொல்கிறேன்.

"ஒண்ணுமில்ல" என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. இப்போது சொன்னால் இது என் கையை விட்டுப் போய்விடும் என்று அர்த்தம். பத்தாவதில் ஒரு விஷயத்தை அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து சித்தி போன் பண்ணி எனக்கு ஆறுதல் சொன்னார். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மனசு தாங்காமல் தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு நான் முடிவு பண்ணிவிட்டேன், இனி வீட்டில் சொன்னால் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொன்ன மாதிரி என்று. அதிலிருந்து வெளியே வர எனக்கு ஒரு வருஷம் ஆனது.

வாத்தியார் சார், பேப்பரை ஒளித்தது தப்புதான். நானும் ஒளித்திருக்கிறேன். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் ஒளிப்பதில்லை சார். அந்த மார்க்கை நாங்களே முதலில் ஜீரணிக்க வேண்டியிருக்கிறது. 24 வாங்கியவனுக்கு 24 என்று தெரியும். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால் 25 ஆகாது.

இன்னும் சில விஷயம். ஸ்கூல், டியூஷன் எல்லாம் முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போது எதையும் கேட்காதீர்கள், தயவுசெய்து. அரை மணி நேரம் விட்டால் போதும். நான் ஏதாவது சொல்லும்போது, முடிப்பதற்குள் தீர்வு சொல்லாதீர்கள். என் தோழி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று அப்பாவிடம் சொன்னால், "விடு, இன்னும் ரெண்டு மாசம்தான், அப்புறம் அவ யாரோ நீ யாரோ" என்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நான் தீர்வு கேட்கவில்லையே அப்பா, எனக்கு வலிக்கிறது என்றுதானே சொன்னேன்?

நாங்களும் ஒழுங்காகப் பேசுவதில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். கதவைச் சாத்துவது, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொள்வது, "உங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்பது. இப்போது அதற்குப் பதிலாக "இன்னைக்கு வேண்டாம்மா, நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லப் பழகுகிறேன். அப்படிச் சொன்னால் மறுநாள் சொல்லியே ஆக வேண்டும், அதுதான் கஷ்டம். ஆனால் அப்படிச் சொன்ன நாட்களில் அம்மா கதவைத் தட்டுவதில்லை.

உங்கள் மகன் உங்களை வெறுக்கவில்லை அத்தை. வெறுத்திருந்தால் "ம்" கூட வராது.


தாமரை_ஆலோசகர் | பிப்ரவரி 5, காலை 9.20

பறவை, நீ எழுதியது என் வகுப்புகளில் நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிடத் தெளிவாக இருக்கிறது.

நான் பள்ளிகளில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். செல்வி, முதலில் முக்கியமானதைக் கேட்டுவிடுகிறேன். இந்த மௌனம் உங்களிடம் மட்டுமா, எல்லாரிடமுமா? தங்கையோடு சிரிக்கிறான், சாப்பிடுகிறான், படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது பெரும்பாலும் காயப்பட்ட கோபம்தான். நண்பர்களையும் விட்டு விலகினால், தூக்கமும் சாப்பாடும் மாறினால், பிடித்த பொருட்களைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தால், "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரி பேச்சு வந்தால், அது வேறு விஷயம். அப்போது தயங்காமல், "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒருவர் கேட்டுவிட்டாரே என்று பிள்ளைக்குப் பாரம் இறங்குகிறது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 1098. தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். சென்னையில் ஸ்நேகா அமைப்பு 1986-இலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. இந்த எண்கள் பரீட்சைக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி பேச்சு. தாமஸ் கார்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1962-இல் கலிஃபோர்னியாவில் பெற்றோருக்கென்றே வகுப்பு ஆரம்பித்தார். அவர் வலியுறுத்தியது எளிய விஷயம்தான்: "நீ" என்று தொடங்கும் வாக்கியம் குற்றச்சாட்டாகப் போய் விழுகிறது, "எனக்கு" என்று தொடங்கினால் கேட்க முடிகிறது. "நீ ஒளிச்சு வச்சே" என்பதற்குப் பதிலாக "பேப்பரைப் பையில பார்த்தப்போ எனக்குப் பயமா போச்சு."

ஆனால் நம் வீடுகளில் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, பல வருஷம் பார்த்த பிறகு சொல்கிறேன். நம் அம்மாக்களுக்கு "எனக்கு" வாக்கியம் ஏற்கெனவே தெரியும். "உன்னால எனக்கு பிபி ஏறுது." "எனக்கு இந்த வீட்டுல யாரு இருக்கா." "நான் செத்தாத்தான் உனக்குத் தெரியும்." இதெல்லாம் "எனக்கு" என்று தொடங்குகிற குற்றச்சாட்டுகள். பிள்ளை தன் மார்க்கோடு சேர்த்து அம்மாவின் ரத்த அழுத்தத்தையும் சுமக்க வேண்டியதாகிவிடுகிறது. உங்கள் உணர்வைச் சொல்லுங்கள், ஆனால் அதைச் சரிசெய்யும் வேலையை அவன் தலையில் வைக்காதீர்கள். "பயமா இருந்துச்சு. அது என் பயம், நான் பார்த்துக்கிறேன்." இந்த இரண்டாவது வாக்கியம் இருந்தால்தான் முதல் வாக்கியம் உதவும்.

கோபத்தில் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜான் காட்மன் என்பவர் கணவன் மனைவி சண்டைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிய நிலையில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்பது அவர் சொல்வது. பெரியவர்களுக்கே இப்படி. நிதானத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்றால், 17 வயதுப் பையனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? ஆகவே சண்டையை நடுவில் நிறுத்தத் தெரிய வேண்டும். "இப்ப ரெண்டு பேரும் சூடா இருக்கோம், ராத்திரி சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவது தோற்றுப்போவது ஆகாது. நேரத்தைச் சொல்லாமல் எழுந்துபோவதுதான் புண்படுத்தும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: அவனைப் பேச வைக்க முயல வேண்டாம். முதலில் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லுங்கள்.


செல்வி_திண்டுக்கல் | பிப்ரவரி 5, இரவு 10.05

எல்லாவற்றையும் படித்தேன். பறவை, உன் கடைசி வரியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்மா.

தாமரை மேடம், எல்லாரிடமும் இல்லை, என்னிடம் மட்டும்தான். நண்பர்கள் வருகிறார்கள், போகிறார்கள். சொல்ல வேண்டியது பாக்கி என்கிறீர்களே, மன்னிப்பா? எங்கள் வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மா என்னை அடித்துவிட்டால், ராத்திரி எனக்குப் பிடித்த முட்டைப் பொரியல் பண்ணிவைப்பார். அதுதான் எங்கள் வீட்டு மன்னிப்பு. நானும் போன வாரம் மூன்று தடவை அவனுக்குப் பிடித்த பிரியாணி செய்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு "ம்" என்றான்.

கேட்டால் தலைமேல் ஏறிவிடுவானோ என்றும் பயமாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை.


கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 6, காலை 7.00

அந்தப் பயம் எனக்கும் உண்டு. பெரியவர் இறங்கி வந்தால் சின்னவர் ஏறி உட்காருவார் என்றுதான் எனக்கும் சொல்லித்தந்தார்கள். மன்னிப்பு என்ற சொல் இல்லாமலே அன்பைக் காட்டலாம். அந்த முட்டைப் பொரியலில் இருந்தது கொஞ்சமா?


வார்டு சிஸ்டர் | பிப்ரவரி 6, மாலை 4.45

நைட் டியூட்டி முடிந்து தூங்கி எழுந்து எழுதுகிறேன். நான் 22 வருஷமாக நர்ஸ். எனக்கு உளவியல் தெரியாது. எங்கள் வேலையில் இருக்கும் ஒரு பழக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இரவில் டாக்டர் போனில் ஒரு மருந்து சொன்னால், "சரி சார்" என்று வைத்துவிட மாட்டோம். எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்ப அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எத்தனை மணிக்கு. அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் ஊசியைத் தொடுவோம். ஏனென்றால் சொன்னவர் மனதில் இருப்பதும் கேட்டவர் மனதில் பதிவதும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி ஒரு உயிரை வைத்து விளையாட முடியாது.

வீட்டில் நான் இப்படிச் செய்ததே இல்லை. மகன் ஒரு வாக்கியம் சொன்னால் மீதியை நானே நிரப்பிக்கொள்வேன். ஒருநாள் அவன் "எனக்கு இந்தக் காலேஜ் பிடிக்கலை" என்றான். பீஸ் கட்டியாச்சே என்று நான் ஆரம்பித்துவிட்டேன். அப்புறம் வார்டு ஞாபகம் வந்து, "இரு, காலேஜே பிடிக்கலைன்னு சொல்றியா, வேற எதாவதா?" என்று கேட்டேன். ஹாஸ்டல் ரூமில் கூட இருப்பவன் கிண்டல் பண்ணுகிறான், அதுதான் விஷயம். ரூம் மாற்றியதும் முடிந்தது. அந்த ஒரு கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் ஒரு வருஷப் படிப்பைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்போம்.

வாத்தியார் ஐயா, முட்டைப் பொரியலைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கு அதில் வேறு அபிப்பிராயம். பெரியவர்களுக்கு அது புரியும், ஏனென்றால் நாமும் பிள்ளைகளைப் பெற்றுவிட்டோம். 17 வயதில் பிள்ளைக்கு, நடந்ததை மூடிமறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். என் அப்பா கடைசிக் காலத்தில், நான் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது, "உன்னைப் படிக்க வேண்டாம்னு அன்னைக்குச் சொன்னது தப்பும்மா" என்றார். எனக்கு அப்போது 41 வயது. அதற்கு முன் எத்தனையோ தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்தச் சேலையும் ஈடாகவில்லை. கொஞ்சம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.


கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 6, இரவு 8.30

சிஸ்டர், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மாலை நடைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு மகன், பெங்களூரில் இருக்கிறான். 1200-க்கு மொத்த மார்க் இருந்த காலத்தில் பிளஸ் டூ எழுதியவன். 1,061 வாங்கி வந்தான். "வாத்தியார் பிள்ளைக்கு இது போதுமாடா" என்று சக ஆசிரியர்கள் முன்னால் கேட்டேன். இன்று வாரம் தவறாமல் போன் பண்ணுகிறான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அம்மா எப்படி. எல்லாம் கேள்வி. சுந்தர் தம்பி எழுதிய பட்டியல் மாதிரியே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணப் போகிறேன். செல்வி, நான் முன்பு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கேளம்மா.


தாமரை_ஆலோசகர் | பிப்ரவரி 6, இரவு 9.10

ஐயா, மனம் நிறைந்துவிட்டது.

செல்வி, கேட்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள். "ஆனா" என்ற சொல் வரக் கூடாது. "நான் சொன்னது தப்பு, ஆனா நீயும் பேப்பரை..." என்றால் அது மன்னிப்பாகாது, வழக்கு மறுபடி ஆரம்பிக்கும். பேப்பர் விஷயத்தை இன்னொரு நாள் தனியாகப் பேசிக்கொள்ளலாம். பதிலையும் எதிர்பார்க்காதீர்கள். அவன் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அது அவன் உரிமை.


செல்வி_திண்டுக்கல் | பிப்ரவரி 16, இரவு 9.40

பத்து நாள் ஆகிவிட்டது. பிராக்டிகல் முடிந்தது.

தாமரை மேடம் எழுதிய மறுநாளே சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். மெஷினில் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன், அவன் பக்கத்தில் அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான். நான் துணியைப் பார்த்தபடியே, "பொங்கலன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிச் சொன்னது தப்பு. உனக்கு எவ்வளவு அவமானமா இருந்திருக்கும். என்னை மன்னிச்சிரு தம்பி" என்றேன். எனக்குக் கை நடுங்கியது, தையல் கோணலாகப் போய்விட்டது, அப்புறம் பிரித்துத்தான் தைத்தேன். "ஆனா" நுனிநாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அவன் "சரி" என்றான். அயர்ன் பண்ணி முடித்துச் சட்டையை மாட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

அன்றிரவு ரொம்ப அழுதேன். பதிலை எதிர்பார்க்காதீர்கள் என்று மேடம் எழுதியதைத் திறந்து திறந்து படித்தேன். மூன்று நாள் ஒன்றும் மாறவில்லை. நான் கேள்விகளைக் குறைத்தேன். மறந்துபோய்க் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு. சுந்தர் தம்பி மாதிரி என் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு அம்மா பட்டுப்புடவை பிளவுஸில் அளவு தப்பிவிட்டது என்று என்னைச் சத்தம் போட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன். மகள் மட்டும் "அய்யய்யோ" என்றாள்.

பிராக்டிகலுக்கு முந்தின நாள் இரவு கரண்ட் போய்விட்டது. மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். மகள் தூங்கிவிட்டாள். அவன் திடீரென்று, "அந்த அம்மா காசு குடுத்தாங்களா?" என்றான். பாதிதான் கொடுத்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான். இயற்பியல் டியூஷனில் வகுப்பு ஆரம்பிக்கும்போது மார்க் வரிசைப்படிதான் உட்கார வைப்பார்களாம். அரையாண்டுக்குப் பிறகு இவன் கடைசி பெஞ்ச். பொங்கல் அன்று நான் இலை முன்னால் சொன்னதும், அங்கேயும் கடைசி பெஞ்ச்சில் உட்கார வைத்த மாதிரி இருந்தது என்றான்.

"அந்த டியூஷனை நிறுத்திடலாம்", "நாளைக்கே நான் வந்து கேக்குறேன்", "ஏன்டா முன்னாடியே சொல்லலை". மூன்றும் வாய்க்கு வந்தன. சிஸ்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு, "டியூஷனே வேண்டாம்னு நினைக்கிறியா, உக்கார வைக்கிறதுதான் கஷ்டமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "சொல்லித் தர்றது நல்லாத்தான் இருக்கு. உக்கார வைக்கிறதுதான்" என்றான். நான் பேசட்டுமா என்றேன். வேண்டாம், பரீட்சை வரை சமாளித்துக்கொள்கிறேன், முடியாவிட்டால் சொல்கிறேன் என்றான். சரி என்றேன். விட்டுவிட ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஆனால் கஷ்டம் அவனுடையது, முடிவும் அவனுடையது.

பேப்பர் விஷயத்தை அவனாகவே எடுத்தான். "ஒளிக்கணும்னு நினைக்கலைம்மா, பொங்கல் முடிஞ்சதும் காட்டலாம்னு இருந்தேன்" என்றான். நம்புகிறேன் என்றேன். உண்மையிலேயே நம்பினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். நேற்றுகூடச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சின்னச் சண்டை. அவர் சனிக்கிழமை வந்தபோது மாடியில் நடந்ததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பறவை எழுதியது ஞாபகம் வந்தது. முதலில் அவனிடம், "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்று கேட்டேன். "நானே சொல்றேன்" என்றான். இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. நாத்தனார் வீட்டில் அடுத்த மாசம் காதுகுத்து. தப்பை எல்லார் முன்னாலும் செய்துவிட்டு, மன்னிப்பை மட்டும் தையல் மெஷின் பக்கத்தில் தனியாகக் கேட்டது போதுமா என்று மனசு அரிக்கிறது. அண்ணியிடம் நானே போன் பண்ணி, அன்று பிள்ளையை அப்படிச் சொன்னது என் தப்பு என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். அவனைக் கேட்டுவிட்டுத்தான்.


இரவுப்பறவை17 | பிப்ரவரி 16, இரவு 11.15

கேளுங்க அத்தை. வேண்டாம் என்று அவன் சொன்னாலும், கேட்டீர்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நாளைக்கு வேதியியல் ரிவிஷன் டெஸ்ட், போகிறேன். அவனுக்கும் ஆல் தி பெஸ்ட் சொல்லுங்கள், யார் சொன்னது என்று சொல்ல வேண்டாம்.


கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 17, காலை 6.40

ஞாயிறு போன் பண்ணினேன். 1,061 என்றதும் அவனே சிரித்தான். அப்புறம் வெகு நேரம் பேசவில்லை, நானும் போனை வைக்கவில்லை. அடுத்த வாரம் நேரில் வருகிறேன் என்றிருக்கிறான்.